சராசரிச் சட்டை

பத்தாவதைப் பாதியில் விட்ட தையற்காரம்மா, மகள் பரீட்சை எழுதும் வருஷமே தானும் எழுதத் துணிந்தாள். எல்லாவற்றையும் கூட்டி, ஆள் கணக்கால் வகுத்தால் சராசரி. அது பிடிபட்டதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் மகளின் கைப்பந்து அணிக்குச் சட்டை தைக்கும் வேலை வந்தது. பள்ளியிலிருந்து சீட்டில் எழுதி வந்த ஒவ்வொருத்தியின் அளவையும் படித்த மிதப்பில் கூட்டி வகுத்து, எல்லாச் சட்டையையும் ஒரே அளவில் வெட்டிவிட்டாள்.

போட்டியன்று குண்டுப் பெண் கையைத் தூக்கினாள். அக்குள் டர்ரென்று கிழிந்தது. ஒல்லிப் பெண் சட்டைக்குள் காணாமலே போனாள்.

"யாருடி தைச்சது? கண்ணைக் கட்டிக்கிட்டா தைச்சாங்க?" என்று ஒருத்தி சிரித்தாள்.

மகள் "எங்கம்மா" என்று சொல்லவில்லை. மைதான வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற அம்மாவை அதுதான் சுருக்கென்று குத்தியது.

மறுநாள் மகள் பாடத்தைத் திருப்பிப் பார்க்க, அம்மா மடியில் சட்டையைப் போட்டுத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"சராசரி எப்பம்மா ஏமாத்தும்?"

அம்மா நிமிரவில்லை. "அளவெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப விலகியிருந்தா. தெரிஞ்சுதான் கேக்குறியா, கழுதை?"

"புத்தகத்துல இருக்கும்மா!" என்றாள் மகள். தானும் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டாள். "எங்கம்மாதான் தைச்சாங்கன்னு நாளைக்கு அவளுககிட்ட சொல்லிடுறேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே டேப்போட வர்றேன். இந்தத் தடவை நேர்லயே அளவெடுக்கணும்ல?" என்றாள் அம்மா, அப்போதும் தலை குனிந்தபடியே.