அளப்பவருக்காக மூடிய தண்ணீர்

மலேசியாவில் சுங்காய் ஊருக்கு அப்பால், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்தின் ஓரத்தில் சிற்றாறு ஒன்று ஓடுகிறது. அதிலிருந்து என் மச்சானுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. என் மனைவியின் தம்பி. தீலாப்பியா மீன் வளர்க்கக் குளம் வெட்டப்போகிறான். வேலையில் இருந்த காலமெல்லாம் பேராக் மாநிலத்து ஆறுகளை அளந்து சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வுபெற்ற பிறகு ஈப்போவில் சமையலறைக் குழாய் சொட்டுவதைத் தவிர அளக்க எதுவுமில்லை. அதனால் ஒப்புக்கொண்டேன்.

முறை எளிது. மழை குறைந்த மாதத்தில் ஆற்றில் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்க வேண்டும். ஏற்கெனவே எடுப்பவர்களின் உரிமையை அதில் கழிக்க வேண்டும். பிறகு, ஆறு ஆறாக இருப்பதற்குத் தேவையானதையும் கழிக்க வேண்டும். மிச்சமிருந்தால்தான் புதியவருக்கு. இந்தக் கடைசிக் கழித்தலைத்தான் எல்லாரும் மறப்பார்கள். ஆறு விண்ணப்பம் போடுவதில்லை அல்லவா.

உரிமம் பெற்றவர்கள் யாரென்று நீர்வள அலுவலகத்தில் விசாரித்தேன். அந்த ஆற்றுக்கு ஒருவருமில்லை என்றார்கள். தோட்டம் கைமாறிய பின்னும் பழைய லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், சில குடும்பங்கள் தங்கியிருப்பது எனக்குத் தெரியும். அவர்கள் எதைக் குடிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பதிவில் இல்லாதவர்களைக் கேட்கும் பழக்கம் எனக்கு வேலையில் இருந்தபோதே கிடையாது.

ஆனால் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்ற விதியை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். அங்குள்ள மாரியம்மன் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்குப் போன் செய்து, புதன்கிழமை ஆற்றை அளக்க வருவதாகச் சொன்னேன்.

"வாங்க சார். நாங்க எல்லாம் ரெடி பண்ணி வைக்கிறோம்" என்றார்.

எதை ரெடி பண்ணுவார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். புதன்கிழமை பேன்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி, கரைக்குக் கரை நாடா கட்டி, ஆழம் பார்த்து, வேகம் பார்த்து எழுதினேன். எதிர்பார்த்ததைவிடத் தண்ணீர் தாராளமாக ஓடியது. கரையில் நின்ற மச்சான் முகத்தில் அப்போதே மீன் துள்ளியது.

கோயில் வாசலில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார் அந்தப் பெண்மணி. காப்பித் தூளும் வெந்நீரும் சரிபாதி. குடித்து முடிப்பதற்குள் கேட்டார்: "இன்னும் நேரமாவுமா சார்? துணி நனையப் போட்டிருக்கேன்."

"துவைங்கம்மா. அதுக்கு நான் எதுக்குப் போகணும்?"

"தண்ணிய நேத்து ராத்திரியே மூடிட்டோம்லா. சார் அளக்க வாராங்க, நாம இழுத்துக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? எல்லா வீட்லயும் டிரம்ல பிடிச்சு வச்சிட்டோம். காப்பிகூட டிரம் தண்ணிதான்."

ஆற்றின் மேற்பக்கத்தில் கல் அடுக்கித் தடுத்து, அங்கிருந்து கறுப்புக் குழாய் போட்டு வீடுகளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தக் குழாயை எனக்காக அடைத்துவிட்டார்கள். என் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக, காயத்துக்கு மருந்து கட்டுபவராக, இருந்தவர். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பார்வையிட வருகிறார் என்றால் லயத்துச் சாக்கடைக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், இருமுகிறவர்களைப் பின்கட்டுக்கு அனுப்புவதும் நான் பார்த்து வளர்ந்தவை. துரைகள் போய்விட்டார்கள். அந்த இடத்துக்கு நாடாவோடு நான் வந்திருந்தேன்.

காரருகே மச்சானிடம் சொன்னேன். அவனுக்குக் கவலையில்லை.

"நம்மளா மூடச் சொன்னோம்? ஓடுனதை அளந்தீங்க. எழுதுங்க மச்சான்."

"அது அவங்க குடிக்கிற தண்ணிடா."

"லைசன்ஸ் இருக்கா? நீங்கதானே சட்டம் பேசுவீங்க."

அவன் சொன்னதில் பிழையில்லை, அதுதான் தொந்தரவு. அந்த எண்ணை அப்படியே அனுப்பினால் எந்த அதிகாரியும் என்னைக் குறை சொல்ல முடியாது. அவன் குளத்துக்குத் தண்ணீர் போகும், அடுத்த வறட்சியில் இவர்கள் டிரம் காயும். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அனுப்பிவிடலாம் என்று நினைத்த நேரமும் அதற்குள் இருந்தது. வீட்டில் மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

திரும்பிப் போய்க் குழாயைத் திறக்கச் சொன்னேன். வீடுகளில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. காத்திருந்து மறுபடி ஆற்றில் இறங்கினேன். முன்பு முழுகியிருந்த கற்களின் தலை தெரிந்தது. அளந்து கழித்துப் பார்த்தால் வீடுகளுக்கும் ஆற்றுக்கும் சரியாக இருந்தது. மீனுக்கு ஒன்றுமில்லை. மச்சான் காரில் போய் உட்கார்ந்து ஏர்கோனைப் போட்டுக்கொண்டான்.

இத்துடன் மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அவர்கள் எடுக்கும் தண்ணீரை நான் எழுதினால்தான் அது காப்பாற்றப்படும். எழுதினால், உரிமமில்லாமல் எடுக்கிறார்கள் என்பதும் அதே வரியில் பதிவாகும். குழாயை அறுக்கச் சொல்லும் விதியும் எனக்கு மனப்பாடம்.

"எங்க பேரையும் எழுதிட்டீங்களா சார்? பிரச்சினை ஒண்ணும் வராதுல்ல? கேக்காம இத்தனை வருசமா எடுத்துட்டோம். மன்னிச்சிருங்க" என்றார் அந்தப் பெண்மணி.

"வராதும்மா" என்றேன். வராது என்று எனக்குத் தெரியாது.

இரண்டு அளவுகளையும், முதலாவது ஏன் செல்லாது என்பதையும் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினேன். வீடுகளின் சார்பில் உரிமத்துக்கு விண்ணப்பமும் தயாரித்துக் கொடுத்தேன். மச்சான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். மனைவி மீன் சமைப்பதை நிறுத்திவிட்டாள்.

போன வாரம் அலுவலகத்திலிருந்து அந்தப் பெண்மணிக்குத் தகவல் வந்திருக்கிறது. நேரில் பார்க்க வருகிறார்கள். விதிப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். உடனே போன் செய்தேன்.

"தண்ணிய மூடிடாதீங்க. எல்லாக் குழாயும் ஓடணும்."

"ஆபீசர் வரும்போது ஓடவிட்டா மரியாதையா இருக்குமா சார்?"

"ஓடுறதப் பாத்தாத்தான் உங்க பங்கு எவ்வளவுன்னு அவங்களுக்குத் தெரியும்."

மறுமுனையில் பின்னால் யாரோ குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"சரி சார். நீங்க சொன்னா சரி."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நான் வருகிறேன் என்று சொன்னதற்காக முதலில் மூடினார், இப்போது நான் சொல்வதற்காகத் திறந்துவைக்கப் போகிறார். வருகிற அதிகாரி என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாது என்பதை இந்த முறையும் அவரிடம் சொல்லவில்லை.