தீர்றதுக்குள்ள

தெருவில் அவரைக் கடைசல்காரர் என்பார்கள். மரத்தைச் சுழலவிட்டு உளி பிடித்தால், கட்டில் காலோ கைப்பிடியோ, நினைத்த வடிவம் வந்துவிடும். பாலிஷ் மட்டும் அவர் கைக்கு வராது. தேன்மெழுகை டர்பன்டைனில் இளக்கி, சலித்த வண்ணப்பொடி கலந்து பாலிஷ் மெழுகு செய்வது, கல்யாணமான நாள் முதல் அவர் மனைவியின் வேலை.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் மனைவி துணைக்குக் கிளம்பினாள். போகுமுன் பெரிய டப்பா நிறையக் கலந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "இது தீர்றதுக்குள்ள வந்துடுவேன்."

அந்த வார்த்தையை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் வருவதற்கு முன் டப்பா தீர்ந்துவிட்டால் சொன்ன சொல் பொய்யாகிவிடுமே. கண்ணுக்கு மை தொடுவதுபோல் தொட்டுப் பூசினார். பிறகு அதற்கும் மனம் வராமல், வந்த வேலையைப் பாலிஷ் இல்லாமலே கொடுத்தனுப்பினார்.

நாற்காலிக் கால்களை வாங்க வந்த பக்கத்துப் பட்டறைத் தச்சர் தடவிப் பார்த்தார். "என்னண்ணே, சவரம் பண்ணாத முகம் மாதிரி இருக்கு. மெழுகைப் பூசுறீங்களா, மோந்து பாத்துட்டு மூடி வச்சிடுறீங்களா? பாலிஷ் போட்டு வைங்க, சாயங்காலம் வர்றேன்."

கிண்டலாகச் சொன்னாலும் அதுதான் உண்மை. தினமும் பட்டறையைத் திறந்ததும் மூடியைக் கழற்றி ஒருமுறை மோந்து பார்ப்பார். அந்த வாசனைக்கு அவள் உள்ளே எங்கோ வேலையாக இருப்பதுபோல் இருக்கும். அப்படித் திறந்து திறந்தே மெழுகு காய்ந்துவிட்டது. இப்போது விரல் இறங்கவில்லை. வாசனையும் போய்விட்டது.

மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"அது கிடக்கட்டும். மெழுகு கல்லாப் போச்சு."

"நான் கலந்து வச்சதா? இன்னுமா தீரல?"

"நீதானே சொன்ன, தீர்றதுக்குள்ள வந்துடுவேன்னு. தீர்த்துட்டா..."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. அதையும் மீறி அவள் சிரிப்பது கேட்டது. பிறகு குரல் தணிந்தது.

"நல்ல ஆளுங்க நீங்க. டப்பா தீர்ந்துச்சுன்னு நீங்க சொன்னா, அதையே சாக்கா வச்சுக் கிளம்பலாம்னு நான் இங்க காத்துக் கிடக்கேன். இல்லன்னா பொண்ணுகிட்ட என்னன்னு சொல்லிட்டு வர்றது? உங்கப்பாவப் பாக்கணும் போல இருக்குன்னா?"

"சொன்னா என்னவாம்" என்றார்.

"ஆமா, இந்த வயசுல. கத்தியால கீறி, டர்பன்டைனக் கொஞ்சங் கொஞ்சமா விடுங்க. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள டப்பாவை வைங்க. அடுப்புல ஏத்திடாதீங்க, தீப்பிடிச்சுக்கும்."

அப்படியே செய்தார். குச்சியால் கிண்டக் கிண்டக் கட்டிகள் கரைந்தன. பழைய வாசனை எழுந்து பட்டறையை நிறைத்தது. ஆறியதும் விரல் இறங்கியது. அள்ளினார்.

தச்சர் வந்தபோது நாற்காலிக் கால்கள் மின்னின. கூடவே பட்டறைக் கதவும் உளிப் பிடிகளும் முக்காலியும் மின்னின.

"என்னண்ணே இது, உக்காந்தா வழுக்குது."

கடைசல்காரர் டப்பாவைச் சாய்த்துப் பார்த்தார். இன்னும் நாலு விரல் உயரம் இருந்தது.

"உன் சுத்தியலக் குடு. பிடி வறண்டு கிடக்கு பாரு."