மெட்டியோடு குதிக்கக் கூடாது

ரிங் ரோட்டில் காசு கொடுத்துக் குதிக்கும் இடம் ஒன்று திறந்திருக்கிறார்கள் என்று சொன்னதும் என் மகள் கேட்ட முதல் கேள்வி, "விழுந்தா என்னம்மா ஆகும்?" என்பதுதான். அவளுக்குப் பத்து வயது. முந்தின வருஷம் அவளும் அவள் அப்பாவும் பைக்கோடு விழுந்தார்கள். அவருக்குக் காலில் பிளேட், அவளுக்குக் கையில் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்து எட்டு மாதம் ஆகியும் அவள் ஓடவில்லை. பி.டி. பீரியடில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் இருந்தாள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி பயம் போனால் சரி என்றார் டாக்டர். சூடு கண்ட பூனை, தானாகச் சரியாகும் என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். நான் விடுவதாக இல்லை. எனக்குப் பிடிவாதம் அதிகம். கோபமும்தான்.

"நீ குதிச்சா நானும் குதிக்கிறேன்" என்றாள், நான் எப்படியும் மாட்டேன் என்ற தைரியத்தில். நாற்பத்திரண்டு வயதில், எழுபத்தெட்டு கிலோவோடு, சரி என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்தக்கடை வீட்டிலிருந்து நாங்கள் மூன்று பேரும் கிளம்பும் நேரம் பார்த்து நாத்தனார் வந்து இறங்கினார், பை நிறைய வெற்றிலையோடு. என் கணவரின் அக்கா. ஊர் சோழவந்தான். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷமாக வெற்றிலைக் கொடிக்காலைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் ஒரு தடை சொல்லாமல் இருக்க மாட்டார் என்பது என் எண்ணம். "நானும் வாரேன்" என்று அவர் சொன்னபோது என் முகம் சுருங்கியது உண்மை.

உள்ளே போனால் குடோன் மாதிரி ஒரே கூடம். தரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கறுப்பு டிராம்போலின் வலை, ஓரமெல்லாம் மெத்தை. பிள்ளைகள் வாணலியில் பொரி மாதிரி துள்ளிக்கொண்டிருந்தார்கள். அடிபட்டால் நாங்களே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஒரு மணி நேரம். அடியில் ரப்பர் புள்ளி வைத்த ஆரஞ்சு சாக்ஸ் கொடுத்தார்கள். அதை மாட்டக் காலை நீட்டியபோது கவுண்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, மெட்டியோட உள்ள விட மாட்டோம். எங்கயாச்சும் மாட்டுனா விரல் போயிரும். கழட்டிட்டு வாங்க."

என் மகள் உடனே தன் சாக்ஸைக் கழற்ற ஆரம்பித்தாள். "பரவால்லம்மா. வீட்டுக்குப் போயிருவோம்." அவள் முகத்தில் அத்தனை நிம்மதி. அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"நீ மாட்டு. நான் கழட்டிட்டு வாரேன்."

நாத்தனார் என் கையைப் பிடித்தார். "கழட்டாத ஆத்தா."

"ஒரு மணி நேரந்தான் மதினி. திரும்ப மாட்டிக்கப் போறேன்."

"எனக்கும் ஒருநாள் கழட்டுனாங்க. என் தம்பி கண்ணு முன்னாடி நிக்கிறான். வேணாம்."

அவர் சாஸ்திரம் பேசியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். இது சாஸ்திரம் இல்லை, அவர் பட்டது. ஆனால் மகளின் சாக்ஸ் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கணவரைப் பார்த்தேன். "நீ கழட்டு. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பாத்ரூமில் கைகழுவும் சோப்புத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பதினாறு வருஷமாகக் கழற்றாத மெட்டி. இடது காலில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. விரலில் வெளுப்பாக ஒரு பள்ளம். வலது கால் மெட்டி அசையவில்லை. இழுக்க இழுக்க விரல்தான் வீங்கியது. வெளியே பாட்டு அதிர்ந்தது, கால் மணி நேரம் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. இன்றைக்குத் திரும்பிப் போனால் இவள் மறுபடி அந்த வேப்ப மரத்தடிக்குத்தான் போவாள்.

ஒற்றை மெட்டியைக் கையில் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். பெஞ்சில் நாத்தனார் ஆரஞ்சு சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். உடம்பில் சேலைக்குப் பதில் என் மஞ்சள் சுடிதார். வியர்த்தால் மாற்றிக்கொள்ள நான் கொண்டு வந்தது. அதற்குள் அவரைப் போல இரண்டு பேர் புகலாம். ஆறு வருஷமாக மங்கிய நிறம் தவிர வேறு உடுத்தாதவர்.

"என் கால்லதான் ஒண்ணும் இல்லையே. நான் போறேன்" என்றார்.

"அத்தை, உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டாள் மகள்.

"இருக்கு மருமகளே. இருந்துட்டுப் போகட்டும், வா."

முதல் அடியிலேயே தடுமாறினார். கொடிக்கால் வரப்பில் கூடையோடு நடந்து பழகிய கால், நாலாவது அடியில் பிடிபட்டது. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடினார்கள். அதைக் குதிப்பது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிறகு கொஞ்சம் எழும்பினார்கள். திடீரென்று நாத்தனார் மகளையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். என் கணவர் எழுந்துவிட்டார். நான் தடுப்பு வலையை இறுகப் பிடித்தேன். மகள்தான் முதலில் எழுந்தாள். மாவுக்கட்டுப் போட்டிருந்த அதே கையை நீட்டி அத்தையைத் தூக்கிவிட்டாள். அப்புறம் அந்தக் கையையும் விட்டுவிட்டுத் தனியாகக் குதித்தாள். நேரம் முடிந்தது என்று மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

நான் பெஞ்சில் உட்கார்ந்து இடது காலை நீட்டினேன். நாத்தனாரிடம் மெட்டியைக் கொடுத்தேன்.

"போட்டு விடுங்க மதினி."

"நானா? அவன்ட்ட குடு ஆத்தா." ஒரு அடி பின்னால் போனார்.

ஆறு வருஷமாக எல்லா விசேஷத்திலும் அப்படித்தான் ஒதுங்கிப் போகிறார். ஒரு தடவைகூட நான் முன்னால் வாங்க என்று கூப்பிட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மூத்தவரைக் காலைத் தொடச் சொல்வது முறையில்லைதான். நான் முறை பார்க்கவில்லை, நீட்டிய காலையும் மடக்கவில்லை.

"என் கழுத்துல மூணாவது முடிச்சுப் போட்டது நீங்கதானே. இதையும் போடுங்க."

"சீக்கிரம் போடு அத்தை, பசிக்குது" என்றாள் மகள்.

அவர் தம்பியைப் பார்த்தார். பிறகு அந்தத் தொளதொள மஞ்சள் சுடிதாரோடு தரையில் குந்தி, வெளுத்த பள்ளத்தைப் பார்த்து மெட்டியை ஏற்றினார். அது பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.