முதுகு காட்டி நின்றேன்

அரும்பாவூரில் எங்கள் தெருவில் அந்நிய ஆண் எதிரே வந்தால், பெண்கள் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு முதுகு காட்டி நிற்போம். அவர் கடந்து போனபின் நடப்போம். மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போனபோதும் எனக்கு அதுதான் தெரிந்திருந்தது.

அங்கே ஒரு கடைக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில், ஒருவன் கத்திக்கொண்டே என்னையும் மகளையும் நோக்கி வந்தான். நான் ஒரு காரின் பக்கம் திரும்பி முதுகு காட்டி நின்றேன். அவன் பின்னாலிருந்து துப்பட்டியைப் பிடித்துச் சுண்டி இழுத்தான். ஊக்கு விரிந்து கழுத்தில் ஏறியது. மல்லாந்து விழுந்த என்னை விலாவில் உதைத்தான். ஏழு மாத வயிற்றோடு மகள் குறுக்கே வந்தாள். அவள் முகத்தைக் கார் கண்ணாடியில் இரண்டு முறை மோதினான். அவளுடைய முக்காடு ரத்தத்தில் நனைந்தது.

உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்றுதான் அவன் கத்தினானாம். மகள் ஆஸ்பத்திரியில் சொன்னாள். "என் வூடு இங்கதானம்மா இருக்கு. நான் எங்க போறது?"

பிள்ளை பிழைத்துப் பிறந்தது. நான் ஊர் திரும்பினேன். மகள் அதற்குப் பின் தனியாக வாசல் தாண்டவில்லை. அவனோ போலீஸிடம், தான் யாரையும் தொடவேயில்லை, நாங்களே தடுக்கி விழுந்தோம் என்றான். நானும் சாட்சி சொன்னால்தான் வழக்கு நிற்குமாம். வீடியோ காலில் சொல்லலாம் என்றார்கள். கடைக்காரரிடம்கூட நான் நிமிர்ந்து பேசியதில்லை.

சாட்சி சொல்லும் நாளன்று மச்சி, என் கணவரின் அக்கா, பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

"கேஸு எதுக்கு புள்ள? துப்பட்டிய இழுத்தான், அவ்வளவுதானே. கம்முனு இரு. மவ அங்கதான் பொழைக்கணும்."

போனில் வக்கீலும் மொழிபெயர்ப்பாளரும் வந்தார்கள். இருவரும் ஆண்கள். திரையின் மூலையில் மகள், புருவத்தின் மேல் தையல் தழும்போடு.

"அவர் எப்படி இழுத்தாருன்னு சொல்லுங்கம்மா," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

நான் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலை குனிந்தேன்.

"ம்மா, வாயத் தொறங்க," என்று மகள் அழுதாள்.

"நம்ம வூட்டு ஆம்பளைகளப் பாத்தாலே இவளுக்கு வாயில வெறும் காத்துதான் வரும். இவளப் போயி சாட்சிங்கறீங்க," என்ற மச்சி, போனில் ஆண்கள் தெரிவதைக் கண்டதும் சட்டென்று போர்த்திக்கொண்டு முதுகு காட்டித் திரும்பினார்.

எழுந்தேன். அவருடைய துப்பட்டியைப் பின்னாலிருந்து பிடித்து என் பலமெல்லாம் சேர்த்து இழுத்தேன். கழுத்து நெரிய, மச்சி மல்லாந்து தரையில் விழுந்தார். இருமி இருமிக் கண் சிவந்தது.

"இப்படி," என்றேன் போனைப் பார்த்து.

மச்சி தொண்டையைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன்.

"அடப்பாவி, கொன்னுருப்பானே," என்றார். பிறகு முகத்தை மூடாமலே போன் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க சார். இன்னும் இருக்கு, அவ சொல்லுவா."

உதைத்ததையும் கண்ணாடியில் மோதியதையும் அந்த ஆண்கள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.