ஆறு டின் மணல்

என் எம்.எஸ்ஸி ஆய்வு இன்று காலை கப்பல்துறை இராணுவச் சோதனைச்சாவடி மேசையில் முடிந்தது.

கடற்கரை மணலின் கதிர்வீச்சை அளக்கிறேன். மணலில் இருந்து வரும் வாயு வெளியேறாதபடி ஒரு மாதம் அடைத்து வைத்தால்தான் அளவு சரிவரும். இடையில் திறந்தால் மறுபடி முதல் நாள். மகளின் பழைய பால்மா டின் ஆறில் அடைத்து, டேப் சுற்றி, ஒரு மாதம் காத்திருந்து, இன்றுதான் கண்டி ஆய்வுகூடத்துக்கு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"டின்ல என்ன?"

"மண்."

"மண்ணுக்கு ஏன் டேப்?"

விளக்கிச் சொன்னேன். ஆமிக்காரர் சிரித்துக்கொண்டே ஆறையும் வெட்டித் திறந்தார். "மண்தானே மிஸ், திரும்ப மூடுங்க."

பக்கத்து சீட் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "பால்மா எண்டு சொல்லியிருக்கலாமே பிள்ளை! உண்மையைச் சொல்லுற இடமா அது?"

ஆய்வை மேற்பார்வை செய்யும் சேருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"அறிக்கை ரெண்டு கிழமையில வேணும். கைப்பிள்ளையோட இதெல்லாம் ஏலாது எண்டு நான் அப்பவே சொன்னனான்."

மறுபடி அடைத்தால் ஒரு மாதம்; கையில் இருப்பதோ பதினான்கு நாள். "ஓம் சேர்" என்று வைத்துவிட்டேன்.

அவரிடம் கேட்காததை இங்கே கேட்கிறேன். நீங்களாவது சொல்லுங்கள், டின்னை வெட்டியது என் பிள்ளையா?