மர்த்தா கேட்ட கண்ணாடி

போன செவ்வாய்க்கிழமை நான் வேலை செய்யும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று உடைந்தது. உடைத்தவர் மர்த்தா. உண்மைப் பெயர் வேறு. அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

நான் டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்வது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். மர்த்தா அங்கே வந்து மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல். கியூபாவில் பிறந்து, டேனிஷ்காரர் ஒருவரை மணந்து, நாற்பது வருடம் இங்கேயே உழைத்து வாழ்ந்தவர். கணவர் இறந்த பிறகு பக்கவாதம். வலது கை விழுந்தது. முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேசிய டேனிஷ் முழுவதும் போய் ஸ்பானிஷ் மட்டும் மிஞ்சியது. அதுவும் குழறல் – போனிலுள்ள மொழிபெயர்ப்பு ஆப்புக்குக்கூடப் பிடிபடாத குழறல்.

வந்த நாளிலிருந்து இடது கையை முகத்துக்குக் கொண்டுபோய் ஒரே சொல்லைத்தான் சொன்னார்: "எஸ்பேஹுவேலோஸ்..."

எங்களில் ஸ்பானிஷ் தெரிந்தவர் கிர்ஸ்டன் மட்டும். ஸ்பெயினில் இரண்டு வருடம் இருந்தவர். நல்ல மனுசி, அதையும் சொல்லிவிட வேண்டும். "எஸ்பேஹோ என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. அதைத்தான் கேட்கிறார்" என்றார். டேனிஷிலும் அதற்கு 'ஸ்பைல்' என்றுதான் பெயர். கிட்டத்தட்ட ஒரே சத்தம். யார் சந்தேகப்படுவார்?

ஆகவே அவர் கேட்டபோதெல்லாம் கண்ணாடியை நீட்டினோம். நானும் நீட்டினேன். கோணிப்போன முகத்தை ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை அந்தப் பெண்ணுக்கே காட்டினோம். செவ்வாயன்று தட்டிவிட்டார். தூள்!

பொறுப்பாளர் உடனே கணினியில் குறிப்பு எழுதினார்: 'ஆவேசப்படுகிறார். அமைதிப்படுத்தும் மருந்து பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும்.'

நான் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். 'இவவுக்குக் கண்ணாடி வேண்டாமாம்' என்று மனதுக்குள் தமிழில் சொன்னதும் கை நின்றது. எந்தக் கண்ணாடி? நமக்கு இரண்டும் ஒரே சொல்தானே! முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் போடுவதும் கண்ணாடி.

"கிர்ஸ்டன், அவர் மூக்குக்கண்ணாடி கேட்கிறாரோ?"

"இல்லை. அது காஃபாஸ். ஸ்பெயினில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்."

"மர்த்தா ஸ்பெயின் இல்லையே."

"ஸ்பானிஷ் ஸ்பானிஷ்தான்."

பொறுப்பாளரிடம் போனேன். "டாக்டருக்கு இப்போது போன் பண்ண வேண்டாம். பத்து நிமிடம் தாருங்கள்."

"உனக்கு ஸ்பானிஷ் தெரியுமா?"

"தெரியாது. தெரிந்தவர்களுக்கும் மூன்று கிழமையாகப் பிடிபடவில்லை!"

இத்தனை வருடத்தில் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. நேராக மர்த்தாவிடம் போய் முழங்காலில் இருந்தேன். விரல்களை வட்டமாக்கி என் கண்களில் வைத்துக் கேட்டேன்: "எஸ்பேஹுவேலோஸ்?"

என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். "சி... சி... சி..." ஆம், ஆம், ஆம். கன்னத்தில் கண்ணீர்.

மூக்குக்கண்ணாடி எங்கே இருந்தது தெரியுமா? ஆஸ்பத்திரியிலிருந்து உடுப்புகளோடு வந்த பிளாஸ்டிக் பையில், அலுமாரிக்கு மேலே, காலில் போடும் ஒரு குளிர்காலச் சப்பாத்துக்குள். போட்டுவிட்டேன். யன்னலுக்கு வெளியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. குறிப்பை மாற்றச் சொன்னேன்.

"எழுதியதை அழிக்க முடியாது" என்றார் பொறுப்பாளர்.

"அழிக்க வேண்டாம். கீழே எழுதுங்கள் – மூக்குக்கண்ணாடி கேட்டார், நாங்கள் கொடுக்கவில்லை என்று."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுதினார். எழுதி முடியும் வரை நான் நகரவில்லை.

அடுத்த நாள் கிர்ஸ்டன் தானாகவே தேடிப் பார்த்துவிட்டு வந்தார். ஸ்பெயினில் காஃபாஸ், மெக்சிகோவில் லெந்தெஸ், அர்ஜென்டினாவில் ஆந்தெயோஹோஸ், கியூபாவில் எஸ்பேஹுவேலோஸ். மர்த்தாவின் கையைப் பிடித்து ஸ்பானிஷில் மன்னிப்புக் கேட்டார். மருந்துப் பேச்சு பிறகு எழவே இல்லை.

வீட்டில் கணவருக்குப் பயம். "வேலையிடத்திலை வாய் காட்டாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"ஓமப்பா. மூண்டு கிழமை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தனான். அதுதான் பிழை."

ஒரு சொல்லைப் பிழை என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கு உரிமை? அதிகம் பேர் சொல்வதாலா? புத்தகத்தில் அச்சாகியிருப்பதாலா? மர்த்தா சரியான சொல்லைத்தான் சொன்னார். முதல் நாளிலிருந்தே.

சனிக்கிழமை ஹேர்னிங்கில் ஒரு பிறந்தநாள் விழா. சென்னையிலிருந்து வந்து ஐ.டி.யில் வேலை செய்யும் ஒரு பெண், நான் 'கதைக்கிறன்' என்றதும் வழக்கம்போலச் சிரித்தார். "அக்கா, கதைக்கிறதுன்னா ஸ்டோரி சொல்றதா? பேசுறதுதானே கரெக்ட்?"

இதே கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! ஒவ்வொரு தடவையும் அசடு வழிந்து, அன்றைக்கு முழுக்க 'பேசுறேன்' என்றே சொல்லிச் சமாளித்திருக்கிறேன். இந்தத் தடவை முடியவில்லை.

"ஓம் தங்கச்சி, நீங்கள் பேசுங்கோ. நான் கதைக்கிறன்."