தள்ளுவண்டி முனிரத்தினம் மறுபடியும் ரேஸில்

கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் வாசனை... கனுமு, அதாவது மாட்டுப் பொங்கல் அன்று காலை புத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் முதலில் அதுதான் மூக்கில் ஏறும். சைக்கிள் ரேஸுக்கு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து காலில் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

புத்தூரில் கிளம்பி, ரேணிகுண்டா வழியாகத் திருப்பதி அலிபிரியில் முடியும் ரேஸ். சில வருஷங்களுக்கு முன்னால், எனக்கு ரேணிகுண்டா கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்த புதிது. பொங்கலுக்கு மறுநாள் லீவு கிடையாது என்றார் சூப்பர்வைசர். "எங்க ஊர்க்காரர் ரேஸ் ஓட்டுறாரு சார்" என்று உண்மையைச் சொல்லியே லீவு வாங்கினேன்.

எங்க ஊர்க்காரர் என்றால் முனிரத்தினம். நகரி பக்கம், எங்களுக்கு அடுத்த தெரு. பால் கேன் கட்டிய சைக்கிளிலேயே மொபெட்டை ஓவர்டேக் பண்ணுகிறவர். என் போனில் அவர் போட்டோதான் இருக்கும். அதற்காக அம்மா என்னைத் திட்டாத நாளில்லை.

வடமாலப்பேட்டை தாண்டி ரோடு மேடேறும் இடத்தில் எங்கள் ஊரே நின்றது. முனிரத்தினம்தான் முதலில் வந்தார். ஆனால் மேட்டில் மிதிக்க முடியாமல் வண்டி தள்ளாடியது.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம்... திருவிழாத் தேர் மேட்டில் நின்றுவிட்டால் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். பின்னால் போய்க் கை கொடுப்பார்கள். அன்றைக்கும் அதேதான் நடந்தது. என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது நைனா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினார். பின்னாலேயே இன்னும் பத்துப் பேர்.

"தள்ளுடா, அவ்ளோதான் மேடு."

ஒருத்தருக்கும் ரூல் தெரியாது. புண்ணியம் என்றே நினைத்துத் தள்ளினார்கள்.

அலிபிரிக்கு முதலாவதாக வந்தார். மாலையைக் கழுத்தில் போடப் போகும்போது யாரோ எடுத்த வீடியோ கமிட்டியிடம் போய்விட்டது. கையோடு மாலையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். இவரே ஆள் வைத்துத் தள்ளச் சொன்னார் என்று சொல்லி ரேஸுக்கே வரக்கூடாது என்று தடை போட்டார்கள். தள்ளினது யார் என்று கேட்டதற்கு அவர் ஒரு பெயரும் சொல்லவில்லை. சத்தியவேடு பக்கத்து ஆட்கள் 'தோப்புடு பண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தெலுங்கில் தள்ளுவண்டி. இன்றைக்கும் பாதிப் பேருக்கு அவர் திருடன்தான். அந்தப் பேச்சு வந்தால் நான் சண்டைக்குப் போவேன்.

நைனா அதோடு ரேஸ் பக்கம் போவதை விட்டார். முனிரத்தினம் எதிரில் வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவார்.

இந்த வருஷம் தடை முடிந்து அவர் மறுபடியும் ஓட்டுகிறார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஆபீஸில் நான் போட்ட சத்தத்துக்கு மேனேஜரே எட்டிப் பார்த்தார். நாற்பது வயசுக்காரருக்கு இதெல்லாம் தேவையா என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு என்ன தெரியும்... எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

நைனாவைக் கூப்பிட்டேன்.

"நான் வரல பாப்பா. அவன் மேட்டுல நின்னுகினா என் கை சும்மா இருக்காது."

"கைய கட்டிக்கினு நில்லு நைனா. வா."

நேற்று அதே மேடு. முன்னால் ஜீப் மைக்கில் 'ஜரகண்டி, ஜரகண்டி' என்று கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு போனது. இருபது வயசுப் பிள்ளைகள் கியர் சைக்கிளில் பறந்தார்கள். எல்லாரும் போன பிறகு முனிரத்தினம்... தாடியெல்லாம் நரை. பாதி மேட்டில் வண்டி தள்ளாடியது.

பாசத்தில் யாராவது ஒருத்தர் தொட்டால் போச்சு, இவர் கதை அதோடு முடிந்தது. திரும்பிப் பார்க்கிறேன், எங்கள் ஊர் ஜனம் அத்தனையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறது. நைனா இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு, "மிதிடா, மிதிடா" என்று தொண்டை கிழியக் கத்துகிறார்.

முனிரத்தினம் அவரைப் பார்த்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்:

"இன்னா மாமா, குளிருதா?"

சொல்லிவிட்டு எழுந்து நின்று மிதித்தார். மேடு ஏறிவிட்டார். நான் அழுதேன், வெட்கமே படவில்லை.

வேனை விரட்டிக்கொண்டு அலிபிரிக்குப் போனோம். எத்தனையாவதாக வந்தார் என்று கேட்காதீர்கள், கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் கிடைத்துவிடுவார். முதலாவதாக வந்த அன்றைக்கு இதே இடத்தில் எத்தனை கூட்டம், எத்தனை பட்டாசு... அந்த வேகமும் இனி வராது, தெரியும். நேற்று அவருக்காகக் காத்திருந்தது எங்கள் வேன் ஆட்கள் மட்டும்தான்.

சைக்கிளை விட்டு இறங்கினவருக்கு நிற்க முடியவில்லை. நைனா பக்கத்தில் போனார். போனவர் அங்கேயே நின்று, கமிட்டி ஆளிடம் கேட்டார்:

"கோடு தாண்டிட்டான் சார். இப்ப தொடலாமா?"

அந்த ஆள் தலையாட்டிய பிறகுதான் அக்குளிலிருந்து கையை வெளியே எடுத்தார்.